ஒரு இஞ்ச்சுக்கு ஆறு அனுமதி

என் கடையில அளவை வாய்விட்டுச் சொல்ற பழக்கம் கிடையாது. மத்த டெய்லர் கடைக்குப் போய்ப் பாருங்க. ஒருத்தர் டேப்பைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு "இடுப்பு நாப்பது"ன்னு கூவுவார், இன்னொருத்தர் எழுதுவார், எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிக்கிறவங்க வரைக்கும் அந்த நாப்பது போய்ச் சேரும். நான் அப்படி இல்லை. நானே அளப்பேன், நானே எழுதுவேன். போன வருஷத்தைவிட நாலு இஞ்ச் கூடியிருந்தாலும் முகத்துல ஒரு சின்ன மாற்றம் தெரியாது. "அப்படியே இருக்கீங்க"ன்னு சொல்லிட்டு டேப்பைச் சுருட்டிடுவேன். பதினெட்டு வருஷமா பொம்பளைங்க என்கிட்ட வர்றதுக்குப் பாதிக் காரணம் என் தையல், மீதிக் காரணம் என் வாய். இதுல எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

அளவு நோட்டை மேஜை டிராயர்ல போட்டுப் பூட்டி வச்சிருப்பேன். சாவி என்னைவிட்டு நகராது. நான் பூட்ட மறந்த ஒருநாள், என் வீட்டுக்காரர் பேனா தேடுறேன்னு அந்த டிராயரைத் திறந்துட்டார். மூணு நாள் அவர்கூட நான் பேசல. "என்னமோ ராணுவ ரகசியம் மாதிரி"ன்னு அலுத்துக்கிட்டார். ராணுவ ரகசியம் வெளிய போனா அரசாங்கம் பாத்துக்கும், பொம்பளைங்க இடுப்பளவு வெளிய போனா யார் பாத்துக்குவாங்க?

இவ்வளவு பேசுற நான் கோட்டை விட்டது எங்கேன்னா, போன்ல.

மெஷின்ல கை வேலையா இருக்கும்போதுதான் எல்லாருக்கும் போன் பண்ணத் தோணும். "போன தடவை தைச்ச மாதிரியே இன்னொண்ணு வெட்டிடுங்க"ம்பாங்க. அதுக்காக எழுந்து, டிராயரைத் திறந்து, நோட்டைப் புரட்டி, திரும்பி வர்றதுக்குள்ள நூல் அறுந்திருக்கும். அதனால ஒரு யோசனை பண்ணினேன். போன்ல பேரைப் போட்டு வைக்கிற இடத்துலயே, பேருக்குப் பக்கத்துல அளவையும் போட்டு வச்சேன். மணி அடிச்சா பேரும் அளவும் சேர்ந்தே வந்து நிக்கும். அளவு மட்டுமா, எனக்கு ஞாபகத்துக்குன்னு ரெண்டு வார்த்தையும் சேர்த்திருந்தேன். "ஆபீசர் அம்மா 40 38 44 அவங்க சொல்ற அளவை நம்பாதே." "கண்ணாடிக் கடை 38 36 42 மூச்சை இழுப்பாங்க ரெண்டு கூட்டு." "டீச்சர் 34 30 36 ஒரு தோள் இறக்கம் சொல்லாதே." இந்த மாதிரி நூத்திநாப்பது பேர். என் மூளையை நானே மெச்சிக்கிட்ட நாள் உண்டு.

அந்த நூத்திநாப்பதுல ஒருத்திதான் என் நாத்தனார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி. ரயில் நிலையத்துல டிக்கெட் கவுன்ட்டர் வேலை. அவ வீட்டுக்காரருக்குக் கப்பல்ல வேலை, வருஷத்துல பாதி கடல்ல இருப்பார். இதுக்கு முன்னாடி அவளுக்கு ரெண்டு தடவை குழந்தை தங்கி, ரெண்டு தடவையும் நாலாம் மாசத்துல போயிடுச்சு. போனதைவிடக் கொடுமை அதுக்கப்புறம் நடந்தது. எங்ககூட இருக்குற என் மாமியார், அதாவது அவ அம்மா, ரெண்டு தடவையும் சந்தோஷம் தாங்காம ரெண்டாம் மாசமே தெரிஞ்சவங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டாங்க. அதனால போனதும் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. டிக்கெட் வாங்க வந்தவங்ககூட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு "அடுத்த தடவை நல்லபடியா ஆகும்மா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. பாவம், அவ சில்லறையை எண்ணிக் குடுத்துக்கிட்டே தலையாட்டினா. ரெண்டாவது தடவைக்கு அப்புறம் எங்க வீட்டுக்கு வர்றதையே குறைச்சுக்கிட்டா.

இந்த ஜூன் மாசம் யூனிஃபார்ம் பேண்ட்டை எடுத்துக்கிட்டு கடைக்கு வந்தா. "அண்ணி, கொஞ்சம் டைட்டா இருக்கு"ன்னா. டேப்பைப் போட்டேன். போட்ட உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒருத்தி உண்டாயிருக்கான்னா டாக்டருக்கு அடுத்து டெய்லருக்குத்தான் தெரியும். அவ என் முகத்தையே பாத்தா. நான் பழக்கப்படி ஒண்ணும் காட்டிக்கல. "சலவையில துணி சுருங்கியிருக்கும்"னேன். "ஆமா அண்ணி, அப்படித்தான் இருக்கும்"னு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பிரிச்சு ஒரு இஞ்ச் விட்டுக் குடுத்தேன்.

ஜூலையில மறுபடி வந்தா. மறுபடி ஒரு இஞ்ச். "மட்டமான துணி, இன்னும் சுருங்குது"ன்னேன். ஆகஸ்ட்லயும் சுருங்கிச்சு. உலகத்துல எந்த மில்லுலயும் அந்த மாதிரித் துணி நெய்ய முடியாது. நான் மனசுக்குள்ள மாசத்தை எண்ணிப் பாத்து, போன்ல அவ பேருக்குப் பக்கத்துல எழுதி வச்சேன்: "நாத்தனார் 36 34 40 இடுப்பு மாசம் ஒரு இஞ்ச் விடணும் டிசம்பர் வரை." நாலாம் மாசம் தாண்டின அன்னைக்கு, யார்கிட்டயும் சொல்லாம, கடையைச் சாத்திட்டு உள்ள உக்காந்து கொஞ்சம் அழுதேன். அவளா சொல்ற வரைக்கும் இது என் கடையைத் தாண்டிப் போகக்கூடாதுன்னு எனக்குள்ள ஒரு வைராக்கியம். என் வீட்டுக்காரர்கிட்டயே சொல்லல. அவர்கிட்ட சொன்னா அவங்க அம்மாகிட்ட சொன்ன மாதிரி, அவங்க அம்மாகிட்ட சொன்னா ரேடியோவுல சொன்ன மாதிரி.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பள்ளிக்கூட ஆர்டர் வந்தது. அறுபது பிள்ளைங்களுக்கு யூனிஃபார்ம். அளவுத் தாளை நீட்டினாங்க, எல்லாம் சென்டிமீட்டர்ல இருந்துச்சு. நமக்கு இஞ்ச்தான் கைக்கு வரும். கடையை மூடுற நேரத்துல போன்ல தேடினேன். இஞ்ச்சை சென்டிமீட்டராவும் சென்டிமீட்டரை இஞ்ச்சாவும் மாத்துற ஆப் ஒண்ணு, இலவசம்னு போட்டிருந்தது. இறக்கினேன்.

அப்ப என் உதட்டுல குண்டூசி நாலு இருந்தது. கையில ஒரு காலர். போன் ஒவ்வொண்ணா கேக்க ஆரம்பிச்சது. உங்க தொடர்புகளைப் பாக்க அனுமதிப்பீங்களா? அனுமதி. படங்கள்? அனுமதி. மைக்? இஞ்ச் என்ன சத்தமா போடுது, மைக்கை வச்சுக் கேக்குறதுக்குன்னு இப்ப தோணுது, அப்ப தோணல. அனுமதி. நீங்க இருக்குற இடம், உங்க காலண்டர், உங்க மெசேஜ், எல்லாத்துக்கும் அனுமதி. முகத்துல உக்கார்ற ஈயைத் தட்டிவிடுற மாதிரி கட்டைவிரலால தட்டிக்கிட்டே இருந்தேன். ஒருத்தர் வீட்டு வாசல்ல நின்னு "உங்க பீரோவைத் திறக்கலாமா, கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாக்கலாமா"ன்னு கேட்டா துடப்பத்தை எடுத்திருப்பேன். போன் கேட்டா மட்டும் நமக்கு மரியாதை வந்துடுது.

அறுபது அளவையும் அருமையா மாத்திக் குடுத்துச்சு. நன்றின்னுகூட நினைச்சேன்.

மறுநாள் பதினொண்ணரை இருக்கும். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்கார அக்கா உள்ள வந்தாங்க. மூக்குக் கண்ணாடி விக்கிறவங்க, ரொம்ப நாகரிகமா பேசுவாங்க. அன்னைக்கு ஒரு வார்த்தையும் பேசாம போனை என் மூக்குக்கு நேரா நீட்டினாங்க. படிச்சேன்.

"அன்புள்ள கண்ணாடிக் கடை 38 36 42 மூச்சை இழுப்பாங்க ரெண்டு கூட்டு, உங்கள் தோழி உங்களை அழைக்கிறார். நீங்களும் எங்கள் ஆப்பில் சேருங்கள்."

எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. "அக்கா"ன்னேன்.

"நான் மூச்சை இழுக்குறேனா?"ன்னாங்க.

"இல்லைக்கா, அது வந்து..."

"நீ எனக்கு ரெண்டு கூட்டித் தைக்கிறே. அதான் எப்பவும் லூசா இருக்கு. நான் இளைச்சுட்டேன்னு நினைச்சு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அவங்க குரல் உடைஞ்ச விதம் எனக்கு வேதனையா இருந்துச்சு. அடுத்த நிமிஷமே அவங்க விரல் கீழ தள்ளிக்கிட்டே போச்சு, முகம் மாறிச்சு. "சரி, அதை விடு. ஆபீசர் அம்மாவுக்கு நிஜமாவே நாப்பத்திநாலா? என்கிட்ட முப்பத்தெட்டுன்னு சத்தியம் பண்ணினாங்களே"ன்னாங்க.

அப்பத்தான் நான் அந்த போனைப் பிடுங்கிப் பாத்தேன். கீழ ஒரு பட்டியல் இருந்துச்சு. "உங்களுக்கு முன்பே உங்கள் தோழி அழைத்த நண்பர்கள்." அகர வரிசையில, பேரு, அளவு, நான் எழுதின குறிப்பு, ஒரு எழுத்து விடாம. ஆபீசர் அம்மா, இன்ஷூரன்ஸ்காரம்மா, எதிர்வீடு. அவங்கவங்க அளவு வெளிய போனதுக்கு அழுதாங்களோ இல்லையோ, அடுத்தவங்க அளவைப் படிக்க யாரும் தவறல. அதை அந்த வாரம் பூரா பாத்தேன், வாங்கிக் கட்டிக்கிட்டேன், அது வேற. அந்த நிமிஷம் என் கண்ணு தேடினது ஒரே ஒரு பேரை. நாத்தனார் அந்தப் பட்டியல்ல இல்லை. இன்னும் வரல, அவ்வளவுதான்.

நாலு கடை தள்ளி செல்போன் ரிப்பேர் பண்ற தம்பி இருக்கார். ஓடினேன். அவர் யாரோ ஒருத்தர் போனைக் கழட்டிப் போட்டு உக்காந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன், எல்லாத்தையும் இல்லை, "ஒருத்தங்க விஷயம் வெளிய போகக்கூடாது தம்பி"ன்னு மட்டும். என் போனை வாங்கி அந்த ஆப்பைத் திறந்து பாத்தார். பாத்துக்கிட்டே இருந்தார்.

"அக்கா, இஞ்ச்சை சென்டிமீட்டரா மாத்த இதுக்கு உங்க மாமியார் நம்பர் எதுக்கு?"

"கேட்டுச்சு தம்பி. குடுத்துட்டேன்."

"யார் கேட்டாலும் குடுத்துடுவீங்களா?"

"நீ அறிவுரை அப்புறம் சொல்லு. இதை நிறுத்த முடியுமா?"

தலையைச் சொறிஞ்சார். மணிக்கு இருபது பேருக்கு அனுப்புது, காலையில ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சிருக்குன்னார். அதை அழிச்சுடுன்னேன். அழிச்சா என் போன்லருந்துதான் போகும், பேரையெல்லாம் நகல் எடுத்துட்டுப் போயிடுச்சுன்னார். பேருக்குப் பக்கத்துல எழுதினதை மாத்திட்டா? இங்க மாத்தினா அங்க மாறாதாம். அவங்களுக்கு எழுதிக் கேக்கலாம்னு ஒரு பக்கத்தைத் திறந்தார். முப்பது வேலை நாள்ல கவனிப்போம்னு போட்டிருந்தது. அதுக்கும் முன்னாடி, நான் நான்தான்னு உறுதி பண்ணிக்க என் முகத்தைப் படம் பிடிக்கணுமாம், கேமராவுக்கு அனுமதி வேணுமாம்.

"குடுத்துடவாக்கா?"ன்னார்.

நான் பாத்த பார்வையில போனைக் கீழ வச்சுட்டார்.

அப்புறம் விரல் விட்டு எண்ணினார். "உங்க ஆள் எந்த எழுத்து?"

"நா."

"இருபது இருபதா போனா, நா ரெண்டு மணிக்கு. அவங்க பேரு பட்டியல்ல ஏறி அடுத்தவங்களுக்குத் தெரியுறது மூணு மணிக்குப் போற ஆளுங்களுக்கு."

"அந்த மூணு மணியில யார் யாரு?"

"பா, பி, பூ... மாமியார் வரைக்கும்."

என் மாமியாருக்கு மாசம் ஒரு இஞ்ச், டிசம்பர் வரைன்னா என்னன்னு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மூணு பிள்ளை பெத்தவங்க. மூணு அஞ்சுக்கு முதல் போன் போகும். அஞ்சு மணிக்கு, இந்தப் பிள்ளை பொறக்குமா பொறக்காதான்னு நாப்பது பேர் அவளை விசாரிக்க ஆரம்பிச்சுடுவாங்க. அவ எதுக்குப் பயந்து அஞ்சு மாசமா மூச்சுக் காட்டாம இருந்தாளோ அது நடக்கும், நடத்தி வச்சது நான்.

நான் கிளம்பும்போது அந்தத் தம்பி என் கழுத்துல தொங்கின டேப்போட நுனியைப் பிடிச்சுத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் வரிசையா சென்டிமீட்டர் போட்டிருந்தது. பதினெட்டு வருஷமா கழுத்துல மாட்டிக்கிட்டு இருக்கேன்.

நாத்தனாருக்கு போன் பண்ண வழியில்லை. வேலை நேரத்துல அவங்க போனை லாக்கர்ல வச்சுடணும். கடையை இழுத்துச் சாத்திட்டு பஸ் பிடிச்சேன். பஸ்ல நின்னுக்கிட்டே அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகை பாத்தேன். "உன் விஷயம் எனக்குத் தெரியும்"னு ஆரம்பிக்கலாமா, "ஒரு தப்பு நடந்துபோச்சு"ன்னு ஆரம்பிக்கலாமா? எப்படி ஆரம்பிச்சாலும் ரெண்டாவது வாக்கியத்துல நான் குற்றவாளி.

ரயில் நிலையத்துல மூணு கவுன்ட்டர். ரெண்டு மூடியிருந்தது. அவ உக்காந்திருந்த கவுன்ட்டர்ல வரிசை வாசல் வரைக்கும் நின்னுச்சு. பக்கத்துல போய் எட்டிப் பாத்து "ஒரு நிமிஷம்"னேன். பெட்டியும் கையுமா முன்னாடி நின்ன ஒருத்தர், "எல்லாருக்கும் ஒரு நிமிஷம்தான், பின்னாடி போங்க"ன்னார். போனேன். அம்பத்தஞ்சு நிமிஷம் நகராத வரிசைன்னு ஒண்ணு உண்டுன்னா அது இதுதான். என் முறை வந்தப்ப மணி ரெண்டாக அஞ்சு நிமிஷம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிஞ்சபடியே, "எங்க போகணும்?"ன்னு கேட்டா. மைக்ல பேசினதால அது கூடம் பூரா கேட்டுச்சு.

"எங்கயும் போகல. உன்கிட்டத்தான் வந்தேன்"னேன். அதுவும் கூடம் பூரா கேட்டுச்சு. என் பக்கமும் ஒரு மைக் இருந்திருக்கு.

நிமிர்ந்து பாத்தா. "அண்ணி? என்ன ஆச்சு? அம்மாவுக்கு ஏதாவது?"

"அம்மா நல்லா இருக்காங்க. கொஞ்சம் வெளிய வா."

"டூட்டில இருக்கேன் அண்ணி. இங்கயே சொல்லுங்க."

எனக்குப் பின்னாடி இருபது பேர். அளவை வாய்விட்டுச் சொல்லாத நான், மைக் முன்னாடி நிக்கிறேன். பர்ஸ்லருந்து பில் புத்தகத்தை எடுத்து, ஒரு தாளைக் கிழிச்சு, எழுதி, காசு போடுற ஓட்டை வழியா உள்ள தள்ளினேன். "உன் விஷயம் எனக்கு ஜூன்லயே தெரியும். என் போனால அது வெளிய போயிடும் போல இருக்கு. ஒரு மணி நேரம்தான் இருக்கு." அவ படிச்சா. ரெண்டாவது தடவை படிச்சா. அந்தத் தாளை நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு, "மூடப்பட்டது"ங்கிற பலகையை எடுத்துக் கண்ணாடி முன்னாடி வச்சா. பின்னாடி எழும்பின கூச்சலை நான் திரும்பிப் பாக்கல.

ஊழியர் அறையில ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, ஒரு சுவர் பூரா இரும்பு லாக்கர். அவ உக்காந்தா. நான் நின்னுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டினேன். பேருக்குப் பக்கத்துல அளவு, சென்டிமீட்டர், ஆறு அனுமதி, அகர வரிசை. இடையில எங்கயோ ஒரு லாக்கருக்குள்ள டிங்குன்னு சத்தம் கேட்டுச்சு. மணி ரெண்டு. எழுந்து போய்த் திறந்து, போனை எடுத்துப் படிச்சா.

"அன்புள்ள நாத்தனார்..." ரெண்டு வார்த்தையோட நிறுத்திட்டா. மீதியை மனசுக்குள்ள படிச்சிருப்பா போல, உதடு மட்டும் அசைஞ்சுது.

"திட்டு. என்ன வேணா சொல்லு. உன் விஷயத்தை நான் எங்கயும் எழுதி வச்சிருக்கக் கூடாது"ன்னேன்.

"டிசம்பர்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"எண்ணினேன்."

"சரியா எண்ணியிருக்கீங்க." போனைக் கவுத்து வச்சா. எனக்கு அவ திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். அப்புறம், கோவமே இல்லாத குரல்ல சொன்னா: "அண்ணி, அந்த ஆப் உங்ககிட்ட ஆறு கேள்வி கேட்டுச்சுன்னு சொன்னீங்க. நீங்க என்கிட்ட ஒண்ணு கேட்டீங்களா?"

எனக்குப் புரியல.

"ஜூன்ல நீங்க டேப் போட்டப்ப உங்க முகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். இப்பக் கேப்பாங்க, இப்பக் கேப்பாங்கன்னு. நீங்க சலவைன்னீங்க. ஜூலையில அந்த பேண்ட் எனக்கு டைட்டாவே இல்லை அண்ணி. ஜூன்ல நீங்க விட்ட இஞ்ச்சே போதுமா இருந்துச்சு. நீங்க கேப்பீங்களோன்னுதான் வந்தேன். மட்டமான துணின்னீங்க."

நான் அந்த இன்னொரு நாற்காலியில உக்காந்தேன்.

"கேக்காம இருக்கறதுதான் உனக்கு நல்லதுன்னு நினைச்சேன்டி."

"தெரியும். உங்களைத் தப்பு சொல்லல. ஆனா அஞ்சு மாசமா வீட்டுல தனியா இருக்கேன். அவர் கடல்ல. ராத்திரி வயித்துல அசையலன்னா கையை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். யாராவது ஒருத்தர் கேட்டா போதும்னு இருந்துச்சு. எல்லாரும் கேக்க வேண்டாம். ஒருத்தர்."

பதினெட்டு வருஷமா நான் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்த என் வாயை எனக்கே அறையணும் போல இருந்துச்சு. அடுத்தவங்க சமாச்சாரத்துல மூக்கை நுழைக்கிறதும், பக்கத்துல உக்காந்து என்னம்மான்னு கேக்குறதும் வேற வேறன்னு எனக்கு அந்த நாற்காலியில உக்காந்தப்பத்தான் உறைச்சது. அவ கையைப் பிடிச்சேன். அழுகையை அடக்கிக்கிட்டு, இருக்குற மரியாதையெல்லாம் சேர்த்து வச்சுக் கேட்டேன்.

"எப்படி இருக்கே?"

"பயமா இருக்கு அண்ணி"ன்னா. அப்புறம் நிறுத்தவே இல்லை. அசைஞ்சா எப்படி இருக்கும், டாக்டர் என்ன சொன்னார், எந்தப் பக்கம் படுத்தா மூச்சு முட்டுது, பொண்ணா இருந்தா அவருக்குப் பிடிச்ச பேரு, பையனா இருந்தா அவளுக்குப் பிடிச்ச பேரு, எல்லாம் சொன்னா. சிரிச்சா. அழுதா. நடுவுல ஒரு தடவை என் கையை எடுத்து வயித்து மேல வச்சா. எத்தனை பேரை அளந்த கை இது. அன்னைக்குத்தான் அளவை மறந்துட்டு வெறுமனே வச்சிருந்தேன்.

மூணு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஐயோ, அத்தை"ன்னேன். வீட்டுக்கு ஓடிப்போய் அவங்க போனைப் பிடுங்கிடலாமான்னு எனக்கு ஒரு பைத்தியக்கார யோசனை. அரை மணி நேரப் பயணம். அதுவும் என் மாமியார் போனைப் பிடுங்கறதைவிட அவங்க பல்லைப் பிடுங்கறது சுலபம்.

"வேண்டாம் அண்ணி"ன்னா. "ஆப் சொல்லி அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். நானே சொல்லிடுறேன். நீங்க இங்கயே இருங்க."

ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வச்சா. ரெண்டாவது ரிங் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க.

"என்னடி இந்த நேரத்துல? வேலையில இல்லையா?"

"அம்மா, அஞ்சு மாசம் ஆச்சும்மா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கல்யாணம் ஆகி வந்ததுலருந்து என் மாமியார் இவ்வளவு நேரம் பேசாம இருந்து நான் பாத்ததில்லை. லைன் துண்டிச்சுடுச்சோன்னு நாத்தனார் போனைக் குனிஞ்சு பாத்தா.

"அம்மா? உன்கிட்ட முன்னாடியே சொல்லலன்னு கோவமா?"

"நீ ஏன் சொல்லலன்னு எனக்குத் தெரியாதா. ரெண்டு தடவையும் எல்லாருக்கும் சொல்லிவிட்டது நான்தானே. அப்புறம் வீடு பூரா ஆளா வந்து உன்னை விசாரிச்சாங்க. நீ உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டே. நான் வெளிய நின்னுக்கிட்டு இருந்தேன். தட்டலாமா வேண்டாமான்னு தெரியாம நின்னேன்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கிட்டா.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"ன்னாங்க. "பொறந்து, நீ சொல்லுன்னு சொன்னாத்தான் சொல்லுவேன். உன் அண்ணன்கிட்டகூட அதுவரைக்கும் மூச்சு விட மாட்டேன்."

"சரிம்மா."

"அம்மாடி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

என் மாமியார் யார் வீட்டுக்கும் சொல்லிட்டுப் போனவங்க இல்லை. கதவு திறந்திருந்தா சமையலறையில நிப்பாங்க, மூடியிருந்தா ஜன்னல்ல நிப்பாங்க. மகள் வீட்டு அலமாரியில எந்தத் தட்டுல என்ன இருக்குன்னு மகளைவிட அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க தொண்டையைச் செருமிக்கிறது கேட்டுச்சு. ரொம்பத் தயங்கிக் கேட்டாங்க.

"நான் வரட்டுமா?"

என் நாத்தனார் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, போனை ரெண்டு கையாலயும் எடுத்து, "வாம்மா"ன்னா.